பிங்கோ ஹால் மல்யுத்தம்: ஈசிடபிள்யூவின் ஏழரை வருஷம்

ட்ரம்ப் கார்டு விளையாடாமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் நம்ம கேட்பவர்களில் ரொம்பப் பேர் இருக்க மாட்டீர்கள். ஸ்கூல் வேன் பின் சீட்டு, கையில் ஒரு கட்டு மல்யுத்த வீரர் கார்டு, "ஹைட்டு சொல்லு, வெயிட்டு சொல்லு, ரேங்க் சொல்லு." அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று அம்மா மேல் சத்தியம் செய்த பையன் உங்க வகுப்பிலும் இருந்திருப்பான். என் கட்டில் டாமி ட்ரீமர் என்று ஒரு கார்டு இருந்தது. ஹைட்டு சொன்னாலும் போகும், வெயிட்டு சொன்னாலும் போகும். யாருடா இந்த ஆளு, இவரை எதுக்குக் கார்டுல போட்டாங்கன்னு அன்னைக்குத் தோணுச்சு. பதில் கிடைக்க எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது. இந்த எபிசோடு அந்தப் பதில்தான்.

இன்னொரு பக்கமாகவும் இந்தக் கதைக்குள் நுழையலாம். ப்ராக் லெஸ்னர் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் பேசுவாரே, அப்புறம் ரோமன் ரெய்ன்ஸ் கூடவும் நின்றாரே, பால் ஹேமன். அவர் ஒரு காலத்தில் ஒரு மல்யுத்த கம்பெனியையே நடத்தினார். இரண்டு பெரிய கம்பெனிகள் மோதிக்கொண்டிருந்த சண்டைக்கு நடுவில், கையில் காசே இல்லாமல்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பேசிவிடலாம். "அதெல்லாம் ஃபேக்குதானே ப்ரோ" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். ஆமா, முடிவு முன்னாடியே எழுதினதுதான். தெருக்கூத்துல துரியோதனன் சாவான்னு தெரிஞ்சுதானே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறாங்க? அவ்வளவுதான். மேலே போவோம்.

1993 அமெரிக்கா. ஒரு பக்கம் வின்ஸ் மெக்மேனின் டபிள்யூடபிள்யூஎஃப். நாம் பின்னால் டபிள்யூடபிள்யூஈ என்று பார்த்தது அதைத்தான். இன்னொரு பக்கம் சிஎன்என் தொலைக்காட்சியை ஆரம்பித்த டெட் டர்னரின் டபிள்யூசிடபிள்யூ. முதலாளியே சேனல் வைத்திருப்பவர், அதனால் ஒளிபரப்பு நேரத்துக்குப் பஞ்சம் கிடையாது. இரண்டு இடத்திலும் சரக்கு கொஞ்சம் ஊசிப்போயிருந்த காலம் அது. வின்ஸ் கம்பெனியில் ஒருத்தர் வருமானவரி அதிகாரி வேஷத்தில் டை கட்டிக்கொண்டு சண்டை போட்டார், ஒருத்தர் கோமாளி. அடுத்த வருஷம் குப்பை அள்ளும் தொழிலாளியாக ஒருத்தர் வந்தார். குழந்தைகளுக்கான சர்க்கஸ் மாதிரி ஆகியிருந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து காலேஜ் போயிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சியும் இல்லை.

ஃபிலடெல்ஃபியாவில் டாட் கார்டன் என்று ஒரு அடகுக்கடை முதலாளி. அவர் 1992-ல் ஈஸ்டர்ன் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங் என்று உள்ளூர் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். 1993 செப்டம்பரில் அதில் கதை எழுதும் பொறுப்புக்கு வந்தவர்தான் ஹேமன். அப்போது அவருக்கு 28 வயது நடக்கிறது. கிட்டத்தட்ட என் வயசு. அந்த வயதில் அவர் பண்ணியதைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமும் வந்தது, கொஞ்சம் கடுப்பும் வந்தது.

கம்பெனியின் தலைமையகம் என்று சொல்லத்தக்க இடம் தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பழைய பிங்கோ ஹால். மேலே நெடுஞ்சாலைப் பாலம், கீழே கிடங்கு மாதிரி ஒரு கட்டிடம், மடக்கு நாற்காலிகள். ஆயிரத்துச் சொச்சம் பேர் அடைந்து உட்காரலாம். மற்ற நாட்களில் அங்கே தாத்தா பாட்டிகள் பிங்கோ ஆடுவார்கள். அதற்கு ஈசிடபிள்யூ அரீனா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதற்குக் காசு இல்லை பாருங்க.

கம்பெனி உண்மையில் பிறந்த நாள் 1994 ஆகஸ்ட் 27. என்டபிள்யூஏ என்று 1948-ல் தொடங்கிய ஒரு பழைய கூட்டமைப்பு இருந்தது. ஒரு காலத்தில் உலக சாம்பியன் என்றால் அவர்களுடைய பெல்ட்தான். காலம் போய் மவுசு குறைந்த அந்தப் பட்டத்துக்கு ஒரு போட்டித்தொடர் வைத்து, அதை நடத்தும் பொறுப்பை இவர்களிடம் கொடுத்தார்கள். இறுதிப் போட்டியில் ஷேன் டக்ளஸ் ஜெயித்தார். பெல்ட்டை வாங்கினார், பழைய சாம்பியன்களின் பெயர்களையெல்லாம் சொன்னார், எல்லோரும் உருகப் போகிறார் என்று நினைத்த நேரத்தில் அதைத் தூக்கித் தரையில் போட்டார். செத்துப்போன அமைப்பின் பட்டம் எனக்கு வேண்டாம், இந்த ஊர் பெல்ட்தான் உலகப் பட்டம் என்றார். என்டபிள்யூஏ ஆட்களுக்கு இது முன்கூட்டியே தெரியாது. கார்டனும் ஹேமனும் டக்ளஸும் சேர்ந்து போட்ட திட்டம். சில நாட்களில் பெயரில் இருந்த 'ஈஸ்டர்ன்' போய் 'எக்ஸ்ட்ரீம்' வந்தது. முதலெழுத்து அதே ஈ என்பதால் சுருக்கப் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அழைத்துக் கௌரவித்தவனை மேடையிலேயே அவமானப்படுத்துவது நல்ல காரியமா? இல்லை. ஆனால் அடுத்த நாள் மல்யுத்தம் பார்க்கும் அமெரிக்காவே ஒரு பிங்கோ ஹாலைப் பற்றிப் பேசியது. விளம்பரத்துக்கு ஒரு டாலர் செலவில்லை.

சரி, காசில்லாத கம்பெனி ஜெயிப்பது எப்படி? ஹேமனின் முறை ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஒருவரிடம் இருப்பதை மட்டும் காட்டு, இல்லாததை இருட்டில் வை. பப்ளிக் எனிமி என்று ஒரு ஜோடி. நுணுக்கமான மல்யுத்தத்தில் இரண்டு பேரும் சுமார்தான். ஆனால் பாட்டுப் போட்டால் கூட்டமே சேர்ந்து ஆடும், மேசை மேல் பாய்ந்து உடைப்பார்கள். அதனால் அவர்கள் ஆடுவார்கள், மேசையை உடைப்பார்கள். வேறு எதையும் செய்யவிட மாட்டார் ஹேமன். சாண்ட்மேன் என்று ஒருத்தர், அவரிடம் மல்யுத்தமே கம்மி. ஆனால் மெட்டாலிகா பாட்டு ஒலிக்க, வாயில் சிகரெட், கையில் பீர், கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து வருவார். மேட்ச்சைவிட வருகை நீளம். நம்ம ஊரில் ஹீரோ என்ட்ரிக்கு முதல் நாள் முதல் காட்சியில் காகிதம் பறக்குமே, அப்படி. இன்னொரு பையன் மைக்கி விப்ரெக். ரிங் மாட்டும் வேலைக்கு வந்தவன், ஓய்வு நேரத்தில் கயிற்றிலிருந்து குட்டிக்கரணம் அடித்ததைப் பார்த்து உள்ளே இழுத்தார்கள். திருப்பி அடிக்கவே தெரியாதவன், ஆனால் அதிர்ஷ்டத்தில் பட்டத்தை ஜெயித்துக்கொண்டே போகிறவன் என்று அவனுக்கு ஒரு கதை. வர்ணனைக்கு ஜோயி ஸ்டைல்ஸ் ஒரே ஆள். பெரிய கம்பெனிகளில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து செய்யும் வேலை அது.

இப்போது டாமி ட்ரீமர். பார்க்க லட்சணமான, பச்சைச் சஸ்பெண்டர் போட்ட பையன். அந்த பிங்கோ ஹால் கூட்டத்துக்கு லட்சணமான ஆள் என்றாலே ஆகாது. வந்த நாளிலிருந்து ஊளைதான். 1994-ல் சிங்கப்பூரில் ஒரு அமெரிக்கப் பையனுக்குப் பிரம்படி தண்டனை கொடுத்தார்கள். கார்களில் பெயிண்ட் அடித்த வழக்கு. அமெரிக்க அதிபர் கிளிண்டனே தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் அளவுக்கு அது இரண்டு நாட்டு விவகாரம் ஆனது. அமெரிக்கா முழுக்க டிவியில் பிரம்பு, பிரம்பு. ஹேமன் உடனே 'சிங்கப்பூர் பிரம்பு மேட்ச்' என்று ஒன்றை அறிவித்தார். ட்ரீமரும் சாண்ட்மேனும் மோதுவார்கள், தோற்றவருக்குப் பிரம்படி. ட்ரீமர் தோற்றார். முதுகில் உண்மையாகவே அடி விழுந்தது. முதுகு வரிவரியாகச் சிவந்து தோல் கிழிந்தது. அந்த ஆள் கீழே விழாமல், ஒவ்வொரு அடிக்கும் இன்னொன்று போடு என்று கேட்டார். அதுவரை ஊளையிட்ட கூட்டம் அமைதியானது, அப்புறம் அவர் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. அன்றிலிருந்து கடைசி வரை அந்தக் கம்பெனியின் இதயம் அவர்தான்.

இதில் செலவு என்ன? ஒரு பிரம்பு. ஒரு மனுஷனுடைய முதுகு. இந்த இரண்டாவது கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

ட்ரீமருக்கும் ரேவனுக்கும் நடந்த பகை இன்னொரு பாடம். 1995 தொடக்கத்தில் ஆரம்பித்தது, ட்ரீமர் ரேவனை முதல்முறையாகத் தோற்கடித்தது 1997 ஜூனில். இரண்டரை வருஷம் நாயகன் வில்லனிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான்! பெரிய கம்பெனிகளால் இது முடியாது. அவர்களுக்கு ரேட்டிங் வேண்டும். திங்கட்கிழமை நடந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை பதில் வேண்டும். சின்ன கம்பெனியிடம் இருந்த ஒரே சொத்து பொறுமை.

பெரிய இடங்கள் தூக்கிப் போட்டதை எடுத்துக்கொள்வதும் ஒரு வழி. 1995-ல் டபிள்யூசிடபிள்யூ ஒரு வீரரை வேலையைவிட்டு நீக்கியது. கையில் காயம், வீட்டில் இருந்தார். உன்னை வைத்து வியாபாரம் ஆகாது என்பதுதான் அவருக்குக் கிடைத்த சேதி. ஹேமன் அவரைக் கூப்பிட்டார். காயம், உடனே சண்டை போட முடியாதே? பரவாயில்லை, மைக் இருக்கிறதே. கேமராவுக்கு முன் நின்று மனசில் இருப்பதையெல்லாம் கொட்டு என்றார். அவர் ஹோகனைக் கிண்டல் செய்தார், தன்னை நீக்கிய மேலாளர் எரிக் பிஷாஃபைப் போலவே வேஷம் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அதற்கு முன் அவருக்குப் பேச வரும் என்றே பெரிய கம்பெனிக்குத் தெரியாது. சில மாதம்தான் அங்கே இருந்தார். 1996 தொடக்கத்தில் வின்ஸ் கம்பெனிக்குப் போனார். பெயர் ஸ்டீவ் ஆஸ்டின். ஸ்டோன் கோல்டு. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் சிக்கல். ஈசிடபிள்யூ கண்டுபிடித்து மெருகேற்றிய ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது. 1995 ஆகஸ்ட் 26 அன்று எடி கெரேரோவும் டீன் மாலென்கோவும் பிங்கோ ஹாலில் கடைசி முறையாக மோதினார்கள். இருவரும் டபிள்யூசிடபிள்யூவுக்குப் போகிறார்கள் என்று கூட்டத்துக்குத் தெரியும். போகாதீங்க என்று அரங்கமே கத்தியது. பெரியவர்கள் அழுதார்கள், இருவரும் அழுதார்கள். அடுத்த மாதம் நாலாம் தேதி டர்னரின் சேனலில் 'நைட்ரோ' ஆரம்பித்து, திங்கட்கிழமைப் போர் தொடங்கிவிட்டது. மெக்சிகோவிலிருந்து ரே மிஸ்டீரியோவையும் சிகோசிஸையும் வரவழைத்து அமெரிக்கக் கூட்டத்துக்கு முன் விளையாட விட்டவர் ஹேமன். அடுத்த வருஷமே அவர்களும் டர்னர் கம்பெனியில். பப்ளிக் எனிமி போனார்கள், ரேவன் போனார்.

ஆட்கள் மட்டுமா போனார்கள்? 1997, 98 வாக்கில் வின்ஸ் கம்பெனியின் நிகழ்ச்சியில் மேசை உடைந்தது, நாற்காலி பறந்தது, பீர் தெறித்தது, முதலாளியைத் திட்டினார்கள். ஆட்டிட்யூட் எரா என்று நாம் கொண்டாடுகிற அந்தக் காலத்தின் மசாலாவில் பெரும்பங்கு பிங்கோ ஹாலில் அரைத்தது. பட்ஜெட் பத்து மடங்கு, வெளிச்சம் நூறு மடங்கு. ஒரு சின்ன கம்பெனியின் வித்தியாசமே அதன் முதல் என்றால், பெரியவன் அதைக் காப்பி அடித்த அன்றைக்கு முதல் போச்சு. வின்ஸ் இவர்களைத் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. 1997 பிப்ரவரியில் தன் 'ரா' நிகழ்ச்சியிலேயே ஈசிடபிள்யூ ஆட்களுக்கு மேடை கொடுத்தார். மறைவாகக் கொஞ்சம் பணமும் போய்க்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் வெளியே வந்தது. எதிரிக்கு எதிரி பிழைத்திருப்பது நல்லது, அதிலும் புதுச் சரக்கைச் செய்து பார்க்கும் சோதனைக்கூடம் அடுத்தவன் செலவில் ஓடினால் இன்னும் நல்லது. கலகக்காரன் என்று சட்டை போட்ட கம்பெனிக்குப் பின்பக்கக் கதவு வழியாகப் பெரிய வீட்டுச் சோறு. எனக்கு இது துரோகமாகத் தெரியவில்லை. சம்பளம் போட வேண்டிய தேதி வரும்போது கொள்கை என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த இரண்டாவது கணக்கு. 1996 நவம்பரில் மாசசூசெட்ஸில் ஒரு ஷோ. வர வேண்டிய ஒருத்தர் வரவில்லை. தனக்குப் பயிற்சி இருக்கிறது, வயது வந்துவிட்டது என்று பொய் சொல்லி ஒரு பையன் ரிங்குக்குள் ஏறினான். வயது 17. நியூ ஜாக் என்ற வீரர் அவன் நெற்றியைக் கத்தியால் ஆழமாக வெட்டினார். ரத்தம் பீறிட்டது. அவன் அப்பா வெளியிலிருந்து நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார். வழக்கு வந்தது, நியூ ஜாக் விடுதலையானார். ஒரு அடையாள அட்டையை வாங்கிப் பார்க்க அங்கே ஆள் இல்லை. ஹேமனின் சாமர்த்தியத்தைப் புகழும் வீடியோக்கள் யூடியூபில் ஏகப்பட்டது இருக்கின்றன. அவற்றில் பலதும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

1997 ஆகஸ்டில் சாபுவும் டெர்ரி ஃபங்கும் கயிற்றுக்குப் பதில் முள்கம்பி கட்டிய ரிங்கில் மோதினார்கள். சாபுவின் கைத்தசை முள்கம்பியில் கிழிந்தது. டேப்பை எடுத்துச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார். முடிவில் இருவரும் கம்பியில் சிக்கி, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஃபங்குக்கு அப்போது வயது 53. இருவரும் இன்று உயிரோடு இல்லை. ஹேமன் முறையில் முதலீடு இல்லை என்று சொன்னேன் அல்லவா, திருத்திக்கொள்கிறேன். முதலீடு இருந்தது. அது இவர்களுடைய உடம்பு.

ஏன் செய்தார்கள்? எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. காலேஜ் முடித்ததும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஏழு பேர், ஒரு ஒயிட்போர்டு. முதலாளி பேசினால் அடுத்த கூகுள் நாங்கள்தான். சம்பளம் ஒண்ணாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குப் போச்சு, அப்புறம் இருபதுக்கு, அப்புறம் "அடுத்த வாரம் பாத்துக்கலாம் ப்ரோ". நான் நாலு மாசம் அதுக்கப்புறமும் இருந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா நானே எழுந்து பார்த்தேன். யாரும் வற்புறுத்தலை. அதனாலதான் பிங்கோ ஹால் ஆட்களை முட்டாள்னு என்னால சொல்ல முடியலை. நல்லாப் பேசத் தெரிந்தவர் கீழே வேலை பார்த்திருந்தால் உங்களுக்கும் புரியும்.

1997 ஏப்ரல் 13. முதல் பே-பர்-வியூ, அதாவது வீட்டில் இருந்தே காசு கட்டிப் பார்க்கும் நேரலை. அந்தப் பையன் விவகாரத்தால் ஒளிபரப்பு முதலில் ரத்தாகி, ரசிகர்கள் விடாமல் கேட்டுத் திரும்பக் கிடைத்தது. அதே பிங்கோ ஹால். கடைசியில் 52 வயது ஃபங்க் உலகப் பட்டத்தை ஜெயிக்கிறார். நேரலை முடிந்த சில நொடிகளில் மின்சாரம் போய் அரங்கம் இருண்டது. ஒரு நிமிஷம் முன்னால் போயிருந்தால் கம்பெனி அன்றைக்கே முடிந்திருக்கும். நான் டெப்ளாய்மென்ட் நாட்களில் இதை நினைத்துக்கொள்வதுண்டு.

கம்பெனியை மூழ்கடித்தது தோல்வி இல்லை, வளர்ச்சி. 1999 ஆகஸ்ட் 27, டிஎன்என் என்ற தேசிய கேபிள் சேனலில் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி. எல்லோரும் கனவு கண்டது. ஆனால் தேசிய டிவி என்றால் தேசிய டிவி தரம் வேண்டும், அந்தத் தயாரிப்புச் செலவு ஈசிடபிள்யூ தலையில். சேனல் பெரிதாக விளம்பரமும் செய்யவில்லை. ஹேமன் திரையிலேயே சேனலைத் திட்டும் வில்லன் குழு ஒன்றை உருவாக்கினார். கோபம் வந்தால் அதையும் கதையாக்கிவிடுவது அவர் வழக்கம். ஆனால் சேனல்காரர்கள் தேடிக்கொண்டிருந்தது பெரிய மீனை. 2000 செப்டம்பரில் வின்ஸின் 'ரா' டிஎன்என்னுக்கு வந்தது. அக்டோபரில் ஈசிடபிள்யூ வெளியே. அதாவது, மல்யுத்தம் இந்தச் சேனலில் ஓடும் என்று தன் செலவில் நிரூபித்துக் காட்டிவிட்டு, இடத்தைக் காலி செய்தார்கள்.

அதற்குள் டட்லி ஜோடியும் டாஸும் வின்ஸிடம் போயிருந்தார்கள். 2000 ஏப்ரலில் உச்சம். ஈசிடபிள்யூவின் சாம்பியன் மைக் ஆசம், பட்டம் கையில் இருக்கும்போதே டபிள்யூசிடபிள்யூவின் நைட்ரோவில் தோன்றினார். வக்கீல்கள் பேசி ஒரு வழி செய்தார்கள். ஏப்ரல் 13, இண்டியானாபோலிஸ். டபிள்யூசிடபிள்யூ ஊழியரான ஆசமை, டபிள்யூடபிள்யூஎஃப் ஊழியரான டாஸ், ஈசிடபிள்யூ ரிங்கில் தோற்கடித்து ஈசிடபிள்யூ பட்டத்தை ஜெயித்தார். இரண்டு பெரிய கம்பெனிகளின் சம்பளக்காரர்கள் மூன்றாவது கம்பெனியின் பட்டத்துக்காக மோதுகிறார்கள். போட்டி கடைசியில் யார் யாருக்கு நடுவில் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. டாஸிடமிருந்து பட்டத்தைச் சில நாளில் வாங்கியது டாமி ட்ரீமர். அதே இரவு வேறொருவரிடம் இழந்தார். சாம்பியனாக இருந்தது அரை மணி நேரம்கூட இருக்காது.

காசோலைகள் திரும்பி வந்தன. ஹேமன் எல்லோரிடமும் இந்தா வந்துடுச்சு என்றார். 2001 ஜனவரி 13, ஆர்கன்சா மாநிலத்தில் பைன் பிளஃப் என்ற சிறு ஊரில் கடைசி ஷோ. மார்ச்சில் ஹேமன் வின்ஸின் 'ரா'வில் வர்ணனையாளராக உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய வீரர்களில் பலருக்கு வர வேண்டிய பணம் வந்திருக்கவில்லை. 1993 செப்டம்பரிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய ஏழரை வருஷம். நம்மூர் ஜோசியரிடம் கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பார்.

ஏப்ரலில் திவால் மனு. கடன் சுமார் 88 லட்சம் டாலர், சொத்து சுமார் 13.8 லட்சம் டாலர். அந்தச் சொத்திலும் பெரும்பகுதி பே-பர்-வியூ கம்பெனியிடமிருந்து வர வேண்டிய பாக்கி. மிச்சத்தில் 1998 மாடல் ஃபோர்டு டிரக் ஒன்று. கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் வின்ஸின் கம்பெனி இருந்தது. ராப் வேன் டேமுக்கு ஒன்றரை லட்சம் டாலர் பாக்கி. டாமி ட்ரீமருக்கு ஒரு லட்சம்.

டபிள்யூசிடபிள்யூவும் அதே மார்ச்சில் விலைபோனது, வாங்கியவர் வின்ஸ்தான். போரில் இரண்டாவது பெரியவனுக்கும் முடிவு அதே மாதம் என்பதால், சின்னதாக இருந்ததுதான் ஈசிடபிள்யூவின் குற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிங்கோ ஹால் வீடியோ கேசட்டுகளை விற்றுப் பிழைத்த ஒரு கம்பெனிக்கு இப்போது விற்கச் சரக்கில்லை. 2002 பிப்ரவரியில், அதே ஃபிலடெல்ஃபியாவில், அவர்களே ஒன்றை ஆரம்பித்தார்கள். ரிங் ஆஃப் ஹானர். சிஎம் பங்க், டேனியல் பிரையன், செத் ராலின்ஸ் எல்லாம் அங்கே விளைந்தவர்கள். அறுவடை யார் வீட்டுக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும்.

2005 ஜூன் 12, நியூயார்க்கில் ஈசிடபிள்யூ பெயரில் ஒரு இரவு. நடத்தியது வின்ஸின் கம்பெனி, பெயரும் பழைய டேப்புகளும் 2003-லேயே அவர்கள் கைக்கு வந்துவிட்டன. பழைய கூட்டம் பழைய சட்டைகளில் வந்திருந்தது. ஹேமன் ரிங்கில் அழுதார். கடைசி மேட்ச்சுக்கு மெட்டாலிகா பாட்டு ஒலித்தது, கூட்டமே சேர்ந்து பாடியது, சாண்ட்மேன் சிகரெட்டும் பீருமாகக் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். பிங்கோ ஹாலில் உரிமத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படாத அந்தப் பாட்டுக்கு, அன்றைக்குப் பெரிய கம்பெனி முறையாகக் காசு கட்டியிருந்தது. சாண்ட்மேனுக்கு ஜோடியாக நின்றவர் ட்ரீமர். தோற்றது இவர்கள் அணிதான்.

என் ட்ரம்ப் கார்டு அந்தக் காலத்தில் அச்சானதாகத்தான் இருக்கும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரண் மேலே தேடினேன். அண்டர்டேக்கர் கிடைத்தார், கேன் கிடைத்தார். ட்ரீமரை மட்டும் காணோம். எவனிடமோ தோற்றிருப்பேன்.